ஸ்டெம்னிட்சாவின் வெள்ளிக் கம்பி

கம்பியச்சு என்பது ஒரு சாண் நீள எஃகுத் தகடு. அதில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழை அளவு சிறியது. வெள்ளிக் கம்பியின் நுனியை அரத்தால் கூராக்கி, ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் கவ்விப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னுக்குச் சாய்த்து இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கம்பி நீளும், மெலியும், கூடவே விறைத்தும் போகும். விறைத்த கம்பியை அப்படியே அடுத்த ஓட்டையில் விட்டால் அறுந்துவிடும். அதனால் இரண்டு மூன்று ஓட்டைக்கு ஒருமுறை நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்கிறார்கள். இதற்கென்றே பட்டறையில் வெளிச்சம் குறைந்த ஒரு மூலை இருக்கிறது. வெள்ளி இளகும் நேரத்தில் அதில் ஏறும் மங்கிய சிவப்பு, ஜன்னலோரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அங்கே தெரிகிற அளவுக்குச் சிவந்துவிட்டால் சூடு மிஞ்சிப்போயிற்று என்று அர்த்தம்.

கம்பி இழுத்துக்கொண்டிருந்தது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஏதென்ஸ்காரி. பக்கத்தில் நின்ற ஆசிரியை கம்பியைப் பார்க்கவே இல்லை, அவளுடைய தோளையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கையால் இழுக்காதே, இடுப்பால் இழு" என்றார். அந்தப் பெண் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். கம்பி ஒரே சீராக வந்தது.

கிரேக்க நாட்டின் தென்பகுதியான பெலொப்பொனீஸின் நடுவில் ஆர்கேடியா மலைகள் இருக்கின்றன. அங்கே மைனலோ மலையின் மேற்குச் சரிவில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஸ்டெம்னிட்சா என்ற சிற்றூர். திரிபோலி நகரிலிருந்து போகும் சாலை தேவதாரு போன்ற ஃபிர் மரக் காடுகளுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஊரின் வீடுகள் சாம்பல் நிறக் கல்லால் கட்டியவை. சரிவின் போக்கிலேயே ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்றாக நிற்கின்றன. ஊர் நடுவே ஒரு சதுக்கம், அதில் தேவாலயம், மணிக்கூண்டு, இரண்டு மூன்று காப்பிக்கடை. வாரக் கடைசியில் நகரத்தார் வந்து நிறைக்கிறார்கள். மற்ற நாட்களில், அதுவும் பனிக்காலத்தில், பல வீடுகளின் மரக்கதவுகள் திறப்பதே இல்லை. இந்த ஊரில்தான் வெள்ளி, தங்க வேலை கற்றுத்தரும் அரசுத் தொழிற்பள்ளி ஒன்று நடக்கிறது. நான் இங்கே வந்தது அந்தப் பள்ளிக்காக.

ஊர் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் ஊர் ஊராகச் சுற்றி, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைத்த பௌசானியாஸ், ஆர்கேடியாவைப் பற்றிய பகுதியில் ஹிப்சூஸ் என்ற ஊரைக் குறிப்பிடுகிறார். அது அதே பெயர் கொண்ட மலையின் மேல் இருந்தது என்றும், அதைச் சுற்றியுள்ள நிலம் முழுக்க மலையும் காட்டு விலங்குகளும்தான் என்றும் சொல்கிறார். ஆர்கேடியாவின் ஆதி மன்னனாகக் கதைகள் சொல்லும் லிக்காவோனின் மகன் ஒருவன் அதை நிறுவினான் என்பது பழைய நம்பிக்கை. அந்த ஹிப்சூஸ்தான் இன்றைய ஸ்டெம்னிட்சா என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஊரில் நின்று பார்க்கும்போது பழைமையைவிட நிலம்தான் முதலில் மனதில் படுகிறது. பாறை, சரிவு, நடுநடுவே கைக்குட்டை அகலத்துக்குப் படிக்கட்டு வயல்கள். இந்த மண் ஊரையே உட்காரவைத்துச் சோறு போட்டிருக்காது. ஊர்க்காரர்கள் கைத்தொழிலுக்குப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் ஸ்டெம்னிட்சா உலோக வேலைக்குப் பேர்போன ஊராயிற்று. வெள்ளிக் கொல்லர், செம்புக் கொல்லர், ஈயம் பூசுபவர், மணி வார்ப்பவர் எல்லாரும் இங்கே இருந்தார்கள். ஊரில் இருந்தார்கள் என்று சொல்வதைவிட, இந்த ஊரிலிருந்து புறப்பட்டுப் போனார்கள் என்பதே சரி. கருவிப் பையைக் கட்டிக்கொண்டு, உதவிக்கு ஒரு சிறுவனையும் கூட்டிக்கொண்டு, பெலொப்பொனீஸ் முழுவதும், அதையும் தாண்டி பால்கன் நாடுகள் வரைக்கும் நடந்தார்கள். மடாலயத்தில் தங்கி நற்செய்தி நூலுக்கு வெள்ளி அட்டை போட்டார்கள். கிராமத்தில் மணப்பெண்ணுக்கு இடைக்கொக்கி செய்தார்கள். கூடப் போன சிறுவன் முதலில் கரி ஊதுவான், பிறகு மெருகு போடுவான், சில வருஷம் கழிந்துதான் குறடு அவன் கைக்கு வரும். வேலைத் தளத்தில் மற்றவர்களுக்குப் புரியாதபடி பேசிக்கொள்ள இந்தக் கொல்லர்களுக்கென்று தனிக் குழூஉக்குறியும் இருந்தது. பக்கத்து லங்காதியா ஊரின் கல் கட்டும் கொத்தனார்களுக்கு இன்னொன்று. கூலி பேசும்போதும், சாப்பாடு போடுகிற வீட்டுக்காரர் எதிரில் நிற்கும்போதும் அது எவ்வளவு உபயோகப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வடக்கே எப்பிரஸ் மலைகளிலும் இதே நிலைமைதான். கலரீத்தெஸ் என்ற மலைக்கிராமத்து வெள்ளிக் கொல்லர்கள் யானினாவை ஆண்ட அலி பாஷாவுக்கு வேலை செய்தவர்கள். அந்த மரபில் வந்த சோத்திரியோஸ் வுல்காரிஸ் 1884இல் ரோமில் திறந்த கடைதான் இன்று உலகமெங்கும் தெரிந்த புல்காரி. மலையில் கற்ற வேலை எவ்வளவு தூரம் நடந்து போகும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஊர்ச் சதுக்கத்துக்குச் சற்று மேலே, பழைய ஹட்ஸி குடும்பத்து மாளிகையில் நாட்டார் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வெள்ளிக் கொல்லரின் பட்டறை, மெழுகுவத்தி செய்பவரின் அறை, மணி வார்ப்பவரின் இடம் எல்லாவற்றையும் அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். மணி வார்ப்புதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. நாலு பங்கு செம்புக்கு ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் குறைந்தால் நாதம் மழுங்கும். கூடினால் மணி கண்ணாடி மாதிரி நொறுங்கும். பெரிய மணியைக் கழுதை முதுகில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோக முடியாது. அதனால் வார்ப்பவரே ஊருக்கு வருவார். தேவாலயத்தின் முற்றத்திலேயே குழி வெட்டி, அச்சைப் புதைத்து, உருக்கி ஊற்றுவார். மண் அச்சில் துளி ஈரம் தங்கியிருந்தாலும் போதும், ஊற்றும்போது அது ஆவியாகிக் குழம்பைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு தவறுக்கு ஒரு ஊரின் மணியே போகும். அந்தப் பொறுப்போடு ஊர் ஊராகப் போனவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது.

மறுபடியும் பள்ளிக்கு வருகிறேன். கம்பி வேலையை நான் அருகில் உட்கார்ந்து பார்த்தது அங்கேதான்.

இழுத்து மெலிந்த இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்குகிறார்கள். பிறகு உருளையில் விட்டுத் தட்டையாக்குகிறார்கள். இப்போது அதைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால், விளிம்பில் பொடிப்பொடி மணிகள் கோத்தது போல வரிவரியாகத் தெரிகிறது. கம்பி வேலையின் அழகு முழுவதும் இந்த விளிம்பில்தான். சற்றுத் தடித்த கம்பியில் இலை வடிவச் சட்டம் ஒன்று செய்துகொண்டு, அதற்குள்ளே இந்த மெல்லிய கம்பியைச் சாமணத்தால் சுருட்டிச் சுருட்டி அடைக்கிறார்கள். சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பசை கிடையாது, அவற்றின் திமிறல்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சுருள் தளர்ந்தால் சூட்டில் சரிந்துவிடும்.

அடைத்து முடித்ததும் கரிக்கட்டையின் மேல் வைத்து, வெண்காரம் கலந்த பொடியை உப்புத் தூவுவது போலத் தூவுகிறார்கள். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவிய தூள்; வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகும். இனி நெருப்பு. ஆசிரியை சுடரை இலையின் மேல் நேராகக் காட்டவே இல்லை. வெளியே சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடித்த சட்டம் சூடாக நேரம் எடுக்கும், உள்ளே இருக்கும் மெல்லிய சுருளோ கண் இமைக்கும் நேரத்தில் உருகும். இரண்டும் ஒரே கணத்தில் பொடி உருகும் சூட்டை எட்ட வேண்டும். வெண்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக உப்பியது. பிறகு அடங்கிக் கண்ணாடியானது. அடுத்து, ஒரு மினுக்கு. சட்டத்தின் ஓரமாகத் தண்ணீர் ஓடியது மாதிரி ஒரு கோடு சுற்றிவந்து மறைந்தது. சுடரை எடுத்துவிட்டார். இலை கறுத்துக் கிடந்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டதும் கறுப்பு விலகி, மெருகில்லாத, பால் போன்ற வெண்மை வந்தது.

ஏதென்ஸ்காரப் பெண் தன்னுடைய இலையை வைத்தாள். மினுக்கு வந்தது, அவள் சுடரை எடுக்க ஒரு மூச்சு தாமதித்தாள். உள்ளே இருந்த மூன்று சுருள்கள் சுருங்கி ஒரு சிறு குண்டாகத் திரண்டுவிட்டன. அவள் முகம் விழுந்தது. ஆசிரியை அந்தக் குண்டைச் சாமணத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது தப்பு இல்லை, இது அடுத்த பாடம்" என்றார்.

உண்மையும் அதுதான். உருகிய வெள்ளி தன்னைத் தானே உருட்டிக்கொள்ளும். கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கரியின் மேல் பரப்பிச் சூடேற்றினால் ஒவ்வொரு துண்டும் ஒரு குண்டுமணி ஆகும். இந்தக் குண்டுகளை ஒரு தகட்டின் மேல் ஒட்டிச் செய்யும் வேலை கிரேக்க நிலத்தில் மிகப் பழையது. கிரீட் தீவின் மாலியாவில் கிடைத்த தங்கத் தேனீப் பதக்கம் மினோவன் காலத்தது. இன்றைக்கு மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முன் செய்தது. அதில் பொடிப்பொடித் தங்கக் குண்டுகள் எப்படி ஒட்டப்பட்டன என்பது நெடுங்காலம் கொல்லர்களுக்குப் பிடிபடாமலே இருந்தது. சாதாரணப் பொடி வைத்தால் குண்டுகளின் இடுக்கெல்லாம் நிரம்பி மழுங்கிவிடும். 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழியைக் கண்டார். செம்பு உப்பைப் பசையோடு குழைத்துக் குண்டுகளை ஒட்டிச் சூடேற்ற வேண்டும். பசை கரியாகி, அந்தக் கரி செம்பு உப்பைச் செம்பாக மாற்றும். அந்த நூலளவு செம்பு தங்கத்தோடு சேர்ந்து, குண்டு தொடும் புள்ளியில் மட்டும் உருகிப் பற்றிக்கொள்ளும். இதை ஆசிரியை கரும்பலகையில் வரைந்து விளக்கியபோது மாணவர்கள் யாரும் அசையவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒரு கொல்லர் இதைக் கையால் கண்டுபிடித்திருக்கிறார் என்பது அவர்கள் எல்லாரையும் தைத்தது.

பழைமை என்றால் எனக்கு இதுதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க மலையிறங்க வேண்டியிருந்தது.

ஊருக்கு மேற்கே லூசியோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. குழந்தை சீயஸை இதில்தான் குளிப்பாட்டினார்கள் என்பது கதை. நதிகளிலேயே இதன் நீர்தான் மிகக் குளிர்ந்தது என்று பௌசானியாஸ் எழுதுகிறார். கையை விட்டுப் பார்த்தேன். எலும்பு வரைக்கும் குடைந்தது. ஆற்றங்கரையில் கோர்த்திஸ் என்ற பழைய ஊரின் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்கே மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியோஸுக்குக் கோயில் இருந்தது. நோயாளிகள் குளிக்க அமைத்த அறையின் வட்டச் சுவர் இன்னும் தெரிகிறது. மகா அலெக்சாந்தர் இந்தக் கோயிலுக்குத் தன் மார்புக் கவசத்தையும் ஈட்டியையும் காணிக்கையாகக் கொடுத்ததாக ஊரார் சொன்னார்கள் என்றும், கவசமும் ஈட்டி முனையும் தன் காலத்திலும் அங்கே இருந்தன என்றும் பௌசானியாஸே குறித்திருக்கிறார்.

அங்கிருந்து மேலே ஏறினால் புரோத்ரோமோஸ் மடாலயம். செங்குத்துப் பாறையில் தேன்கூடு போல அப்பிக்கொண்டிருக்கிறது. துறவி ஒருவர் காப்பியும் ஒரு துண்டு லுக்கூமி மிட்டாயும் கொடுத்தார். உள்ளே திருவுருவப் படத்தின் முன்னால் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள் தொங்கின. ஒன்றில் ஒரு ஜோடிக் கண், ஒன்றில் கால், ஒன்றில் துணி சுற்றிய குழந்தை. தாமா என்கிறார்கள். கண்மலர் சாத்தும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அதை விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஏதென்ஸின் பழைய அஸ்க்லேபியோஸ் கோயிலில் கல்லில் வெட்டிய காணிக்கைப் பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றிலும் வெள்ளிக் கண்கள் இருக்கின்றன. கடவுள் மாறிவிட்டார், வழிபாட்டு முறையும் மாறிவிட்டது, கண் வலிக்கிறவர் வெள்ளியில் கண் செய்து கொடுப்பது மாறவில்லை. செய்து தரக் கொல்லர் ஒருவர் எந்தக் காலத்திலும் வேண்டியிருந்தது.

தாமா செய்த ஒரு முதியவரை ஸ்டெம்னிட்சாவில் சந்தித்தேன். பள்ளி மாணவன் ஒருவன் மொழிபெயர்க்க உடன் வந்தான். அவரை "மாஸ்தோரா" என்று அழைத்தான், கைத்தொழிலில் மூத்தவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் ஒரு பித்தளை அச்சை எடுத்துக் காட்டினார். குழிவாக ஒரு கண், புருவத்தோடு. அதன் மேல் மெல்லிய வெள்ளித் தகடு, தகட்டின் மேல் ஈயத்துண்டு, அதன் மேல் சுத்தியலால் ஒரே அடி. ஈயம் மெத்தென்று அமுங்கித் தகட்டை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிடும். இன்று கடைகளில் விற்பவை எந்திரத்தில் அடித்தவை, பல வெள்ளியே அல்ல என்றார். அப்பாவோடு ஊர் ஊராகப் போனதுண்டா என்று கேட்டேன்.

"அப்பா போனார். தாத்தாவும் போனார். எனக்கு வேலையை அப்பா சொல்லித்தந்தார். வெளியாள் வந்து நின்றால் பொடியின் கலவையைச் சொல்லமாட்டார், துணியைப் போட்டு மூடிவிடுவார்."

"நீங்கள்?"

"நான் மூட யார் இருந்தார்கள்? பிள்ளைகள் எல்லாம் ஏதென்ஸுக்குப் போய்விட்டார்கள்."

இந்தப் பதிலில்தான் பள்ளியின் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் முடிந்தபின் கிரேக்க மலைக்கிராமங்கள் வேகமாகக் காலியாயின. இளைஞர்கள் ஏதென்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்த வேலைக்கு, வாங்கிக்கொள்ள மகன் இல்லாமல் போனான். 1970களில் ஊரின் வெள்ளிக் கொல்லர் ஒருவர் முன்னின்று, வேலையைப் பள்ளியாக்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம். கொல்லர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, இந்த ஊராக இருக்க வேண்டியதில்லை, ஆணாகவும் இருக்க வேண்டியதில்லை. நான் பார்த்த வகுப்பில் பெண்களே அதிகம். கொல்லர் மரபுகள் பலவும் தம் ரகசியத்தோடு சேர்ந்தே மடிந்திருக்கின்றன. இந்த ஊர் துணியை எடுத்துவிட்டது. இந்த மலையில் நடந்தவற்றில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1821 விடுதலைப் போரின் தொடக்கத்தில் பெலொப்பொனீஸ் பிரதிநிதிகளின் செனட் இங்கே கூடியது என்பதில் ஊருக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமை. பக்கத்துத் திமித்சானாவின் நீராலைகளில் அந்தப் போருக்கு வெடிமருந்து அரைத்தார்கள். தோட்டா சுற்றக் காகிதம் போதாமல் அவ்வூர் நூலகத்தின் புத்தகங்களைக் கிழித்துக் கொடுத்தார்கள். அந்தத் தியாகங்களுக்குச் சிலையும் விழாவும் இருக்கின்றன. தன் வயிற்றுப்பாட்டுக்கான ரகசியத்தை ஊருக்குப் பொதுவாக்குவதும் அவற்றுக்குக் குறைந்ததல்ல.

படித்தவர்கள் இங்கே தங்குகிறார்களா என்று பள்ளியில் கேட்டேன். பெரும்பாலோர் இல்லை. ஏதென்ஸில் பட்டறை வைக்கிறார்கள், தீவுகளில் சுற்றுலாக் காலத்துக்குக் கடை போடுகிறார்கள், சிலர் பெரிய நகைக் கம்பெனிகளில் மாதிரி செய்பவர்களாகச் சேர்கிறார்கள். இதைச் சொல்லி வருத்தப்படுகிறவர்கள் ஊரில் உண்டு. எனக்கு அந்த வருத்தம் பாதிதான் சரியென்று படுகிறது. இந்த ஊர்க் கொல்லர்கள் எந்தக் காலத்தில் இங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்? அன்று ஊர்ப்பிள்ளைகள் வேலையோடு இறங்கிப் போனார்கள். இன்று வெளியூர்ப் பிள்ளைகள் வெறுங்கையோடு ஏறி வந்து, வேலையோடு இறங்குகிறார்கள். போனவர்கள் அன்று குடும்பத்துக்காகத் திரும்பி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த காசில்தான் இந்தக் கல்வீடுகள் எழுந்தன. இன்று திரும்பி வரக் காரணம் இல்லை. அந்தக் காரணத்தை உண்டாக்குவதுதான் ஊருக்கும் அரசுக்கும் முன்னால் உள்ள வேலை. பூட்டிய வீடுகளில் ஒன்றிரண்டைக் குறைந்த வாடகையில் பட்டறைக்கு விட்டால் கூடத் தொடங்கலாம். மாணவர் தொகையை மட்டும் வைத்து இப்படி ஒரு பள்ளியை எடைபோடுவது அநியாயம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் இந்த வேலை போகும், நூறு பேர் உள்ள வகுப்பில் அதைச் சொல்லித்தர முடியாது.

தங்கிவிட்ட ஒருவரின் கடைக்குப் போனேன். வட கிரேக்கத்திலிருந்து படிக்க வந்தவர். பள்ளி முடிந்ததும் சதுக்கத்துக்குக் கீழே சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஈஸ்டரை ஒட்டியும் கோடையிலும் ஞானஸ்நானச் சிலுவைகள் போகும், பனிக்காலத்தில் மலையேற வருபவர்கள் தோடும் மோதிரமும் வாங்குவார்கள், மற்ற மாதங்களில் கையைக் கடிக்கும் என்றார். வார்த்தெடுத்த மலிவு மோதிரங்களை வாங்கி விற்கச் சொல்லி வியாபாரிகள் வருகிறார்கள், அவர் வாங்குவதில்லை. மேசையில் கறுத்துப்போன தூபக்கலசம் ஒன்று சங்கிலி அறுந்து கிடந்தது. பக்கத்துக் கிராமத்துத் தேவாலயத்துடையது. அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினார். முன்பு எப்போதோ யாரோ பொடி வைத்து ஒட்டிய தடம் தெரிந்தது, சுத்தமான வேலை. இந்த ஊர்க் கை மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய வேலை சங்கிலிக்கு நாலு வளையம் புதிதாகச் செய்து பொருத்துவது. கம்பி ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தார். தேவாலயத்து விழா அந்த வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.